எழும்பாத கொப்புளம்

ஒரே மருந்து, ஒரே ஊசி, ஒரே காலை நேரம். பின்வீட்டுக் கங்கம்மாவின் குழந்தைக்குக் கொப்புளம் எழும்பிவிட்டது. மெட்டில்டாவின் எட்டு மாதக் குழந்தை ஞானஜோதிக்கு மட்டும் இரண்டு முறை அம்மை குத்தியும் கை வழவழவென்றே இருந்தது.

கொப்புளம் எழும்பினால்தான் பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் உடம்பில் பிடித்ததாக அர்த்தம். பிடித்தால்தான் சுகாதார அதிகாரி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவார். அதுவும் குத்திய எட்டாம் நாளிலிருந்துதான் செல்லும். அது இல்லாத குழந்தையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். கணவர் வில்பிரட் ஜாம்பியாவில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மெட்டில்டா மகனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போக வேண்டும். பம்பாய்க்கு ரயில் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. இன்று புதன். இன்று குத்துவது பிடித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"சில குழந்தைக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். ஜோதியை என்கிட்ட விட்டுட்டு, பெரியவனைக் கூட்டிட்டுப் போ. அடுத்த வருஷம் வில்பிரட் லீவுல வந்து அழைச்சிட்டுப் போகட்டும்" என்றாள் நாத்தனார் தபீதாள். குரோம்பேட்டையிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். பிள்ளையில்லாதவள். கிறிஸ்மசுக்கு இரண்டு மாதம் இருக்க, குழந்தைக்கு இரண்டு கவுன் தைத்து வைத்திருந்தாள்.

"இன்னும் பால் குடிக்கிற பிள்ளை, அண்ணி."

"டின் பால் எதுக்கு இருக்கு?"

மெட்டில்டா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

பத்து மணிக்கு அம்மை குத்தும் பக்தவச்சலம் சைக்கிளை நிறுத்தினார். "இன்னாம்மா, இந்தப் பாப்பா என்னை பேஜார் பண்ணுதே! தாம்பரத்துல முந்நூறு பேருக்குக் குத்தினேன், இது ஒண்ணுதான் டிமிக்கி குடுக்குது."

தோளுக்குக் கீழே ஒரு சொட்டு அம்மைப்பாலை வைத்து, அதன் மேலேயே ஊசியால் குத்தினார். குழந்தை வீறிட்டது. அவர் பெட்டியை மூடிக்கொண்டு படியிறங்கினார். மெட்டில்டா அலமாரியைத் திறந்து பஞ்சை எடுத்து நனைத்தாள். நெடி வாசல்வரை போயிற்று.

பக்தவச்சலம் திரும்பி ஓடிவந்தார். "அய்யோ, இன்னாம்மா பண்ற? கையை எடு!"

பஞ்சு தோலைத் தொட ஒரு விரற்கடைதான் இருந்தது.

"ஸ்பிரிட்தான். சீழ் பிடிக்கக் கூடாதுன்னு..."

"ரெண்டு தபாவும் இப்பிடித்தான் துடைச்சியா?"

"நீங்க போனதும் சுத்தமாத் துடைச்சேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள கீறது உயிரோட கீற கிருமிம்மா! அது தோல்ல பிடிச்சு வளந்தாத்தான் கொப்புளம். நான் உயிரை வச்சிட்டுப் போறேன், நீ பின்னாலயே வந்து கொன்னுகினு கீற. கங்கம்மா வூட்ல ஸ்பிரிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க எழும்பிச்சு."

மெட்டில்டா பஞ்சைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் எறிந்தாள். அந்தச் சொட்டு காயும்வரை, சட்டைத் துணிகூடப் படாமல் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை கையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அடுத்த புதன் காலை, நடுவில் குழிவிழுந்த கொப்புளம் முழுதாக எழும்பியிருந்தது. அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குத்துவதற்கு முன் கையை வெறும் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும்; குத்திய பிறகு அதன் மேல் எதையும் தடவாமல், துடைக்காமல், தானாகக் காயவிட வேண்டும்.