ஆள் குடியிருக்கும் வீடு

குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அவள் கதவோரம் உட்கார்ந்தாள். தண்ணீர் தொட்டியில் விழுந்து, சுழன்று, துளை வழியே போய்க்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்தன. ஆளில்லாத அறைகளில் ஏசி ஓடியது. மீட்டர் ஓட வேண்டும். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

வீடு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதிகாரிக்காக வாடகைக்கு எடுத்தது. முதலீடு கொண்டுவரும் பெரிய மனிதர்களுக்கு அரசாங்கம் பல வருஷத்துக்கு வருமான வரியில் முக்கால்வாசியை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் வருஷத்தில் பாதி நாளாவது அவர்கள் இங்கே குடியிருக்க வேண்டும். இவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. தண்ணீர் பில்லும் கரண்ட் பில்லும்தான் அவர் இருப்பதற்குச் சாட்சி. கம்பெனி ஆள் இதை மறைக்கவில்லை. காலையில் குழாய், பகலில் ஏசி, போகும்போது விளக்கை அணைக்காதே என்று சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தான். கீழே காவல்காரர்கள் அவளை 'வீட்டுக்காரம்மா' என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் கண்ட ஒரே முகம் அவளுடையதுதானே.

அவள் தெருவுக்கு லாரித் தண்ணீர். கூடவே இருக்கும் நாத்தனார்தான் குடத்தோடு வரிசையில் நிற்பாள், இழுபறிச் சண்டையில் வளையல் உடைந்து வருவாள். "உனக்கென்ன அண்ணி, ஏசி உத்தியோகம்" என்று குத்துவாள். ஒருநாள், அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டாள். "ஏதோ வரும்" என்று இவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் வாரம் குழாயைத் திறக்கக் கை கூசியது. பிறகு கூசவில்லை. அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அன்று கம்பெனி ஆள் போன் செய்தான். வரி ஆபீசிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறார்களாம். "ஐயா இங்கதான் இருக்காரு, காலையில கிளம்பிட்டாருன்னு சொல்லுங்க. சொதப்பிட்டீங்கன்னா நாளையிலேருந்து வர வேணாம்." கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கணவன் இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு, வீட்டில் உலை கொதிப்பது இந்தச் சம்பளத்தில்தான்.

வந்தவர் நரைத்த மனிதர். வாசலில் ஷூவைக் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. அவர் கேட்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"காப்பி குடிச்சிட்டு இப்பதான் சார் கிளம்பினாரு. சர்க்கரை போட மாட்டாரு."

சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காதுமடல் சுட்டது. அவர் தலையாட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனார். அடுப்பின் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. அலமாரியில் சட்டைகள் விலைச்சீட்டோடு தொங்கின. அவர் ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"அடுப்புல இருக்கிற தாளைப் பிரிச்சிடுங்கம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. இந்த வெளிநாட்டுக்காரர் மனசு கோணினா ஃபேக்டரியே வேற நாட்டுக்குப் போயிடுமாம்."

அவள் பிரித்தாள். அவர் சட்டைகளின் சீட்டுகளைக் கிழித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு படுக்கையறை வாசலில் நின்றார். விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.

"படுக்கையைப் போட்டோ எடுக்கணும். ஆள் படுத்த மாதிரி இருக்கணும்..." குரல் தேய்ந்தது. "நீங்க ஒருதரம் படுத்து எழுந்திருங்கம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, உடனே எழுந்தாள். அவர் செல்போனை நீட்டிப் பார்த்தார்.

"சின்னப் பிள்ளை படுத்த மாதிரி இருக்கு. அவர் நல்ல உயரமாம். நடுவுல படுத்துக் காலை நீட்டுங்க."

அவள் நடுவில் படுத்தாள். நீட்டிய காலின் பித்தவெடிப்பு வழவழப்பான விரிப்பில் சரசரவென்று உரசி மாட்டியது. கைகளை மார்பின்மேல் கட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் புரளுங்கம்மா" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

அவள் புரண்டாள்.