ஐப்பசியில் சொல்கிறேன்

தட்சணாமூர்த்தியைக் கொன்றது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மரக்காணம் உப்பளத்தில், உப்புப் பாத்திக்கான வாய்க்கால் தண்ணீர்த் தகராறில், உப்பு வாரும் பலகையால் பஞ்சநாதன் அவன் மண்டையில் அடித்தான். ஒரே அடி. பிறகு தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய் வாசலில் உட்கார்ந்தான்.

செஷன்ஸ் கோர்ட்டில் மிஞ்சியிருந்த கேள்வி ஒன்றுதான். அடி விழுவதற்கு முன் தட்சணாமூர்த்தி என்ன சொன்னான்? எவனையும் நிலைதடுமாற வைக்கும் சொல்லாக இருந்து, கேட்ட கணத்திலேயே கை எழுந்திருந்தால் அது கொலையாகாது. சில வருஷத்தோடு போகும். வெறும் பேச்சென்றால் தூக்குகூட விழலாம். பஞ்சநாதன் அதைச் சொல்ல மறுத்துவிட்டான். காதால் கேட்ட இன்னொருத்தி அவன் மனைவி அமராவதி.

"சொல்லும்மா. உன் புருஷன் உயிரு அதுல இருக்குது," என்றார் பஞ்சநாதனின் வக்கீல் முஹ்சின்.

"ஐப்பசியில கேளுங்க, சொல்றேன்."

"இது சித்திரைம்மா!"

"அதாங்க. குவிச்ச உப்பு அப்படியே வெளியில கெடக்குது."

நீதிபதி அவள் பக்கம் குனிந்தார். அவருடைய ஊரில் மூன்று வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் இல்லை. "நீ சொன்னாத்தானேம்மா நான் எழுத முடியும்?" என்றார்.

எதிர்க் கூண்டிலிருந்து பஞ்சநாதன் வேண்டாமென்று தலையாட்டினான். அமராவதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"'உன் பாத்தியில மழை கொட்ட'ன்னாங்க."

அரசு வக்கீல் சிரித்துவிட்டார். "இது வாழ்த்துங்க ஐயா! இதுக்குத்தான் ஊரெல்லாம் கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க..."

அவர் முடிப்பதற்குள் ஒரு ரப்பர் செருப்பு பறந்து வந்து அவருடைய மேஜையில் விழுந்தது. எறிந்தவன் செல்லப்பன், செத்தவனின் தம்பி. பஞ்சநாதனைத் தூக்கில் போட வேண்டுமென்று வாய்தா தவறாமல் வருபவன். பெஞ்சைத் தாண்டி அமராவதி மேல் பாய்ந்தான்.

"கோர்ட்டுல ஏறி நின்னு ஊருக்கே சாபம் உட்றியாடி!"

"ஏன்டி சொன்னே? நான் தொங்கிட்டுப் போறேன்!" என்று பஞ்சநாதனும் கத்தினான்.

இரண்டு போலீஸ்காரர்கள் செல்லப்பனை மடக்கிப் பிடித்தார்கள்.

"உங்க அண்ணனைக் கொன்னவன் அங்க நிக்கிறான்," என்றார் நீதிபதி. "அவனை விட்டுட்டு இந்தம்மா மேல ஏன்யா பாயறே?"

செல்லப்பனுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணன் போயிட்டாங்க. உப்பு இன்னும் கரையாம இருக்குதே!"

நீதிபதி பேனாவைத் திறந்தார். செல்லப்பன் பாய்ந்ததையும் சேர்த்து எழுதினார். அரசு வக்கீல் எழுந்தார், மேஜைமேல் கிடந்த செருப்பைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு நாளன்று அமராவதியும் வரவில்லை, செல்லப்பனும் வரவில்லை. சாபம் பலிப்பதற்குள் உப்புக் குவியல்களை மூடிவிட, அடுத்தடுத்த பாத்திகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பனையோலை வேய்ந்துகொண்டிருந்தார்கள்.

கொலை அல்ல என்று தீர்ப்பாயிற்று. ஏழு வருஷம்.

"ஏதாவது சொல்லணுமா?" என்று பஞ்சநாதனைக் கேட்டார் நீதிபதி.

"மரக்காணம் பக்கம் மழை பெஞ்சுதாங்க ஐயா?"

நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பினார். 

"எங்கயும் பெய்யலைப்பா," என்றார் வருத்தத்தோடு.

பஞ்சநாதன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.