எமில் இயேசுவாக நடித்த வருடம்

என் புருஷன் எமிலை மன்னார்ப் பேசாலையில் தெரியாதவர் கிடையாது. படகு எஞ்சின் திருத்துவதில் அவரை அடிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். நூற்று ஐம்பத்திரண்டு கிலோ இருந்தார் என்பது மற்றது. ‘பீப்பா எமில்’ என்றால் சின்னப் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வழி காட்டும். பெரிய வெள்ளியோடு முடியும் நாற்பது நாள் தபசு காலத்தில் இயேசுவின் பாடுகளை எங்கள் ஊரில் மேடை போட்டு நடிப்பார்கள். பாஸ்கு என்போம். அதில் பதினொரு வருடமாக அவர் திரை இழுத்தார். நடிக்க ஆசை இல்லாமல் இல்லை. சேவகனுக்குத் தைத்த உடுப்புக்கூட அவருடைய தோளைத் தாண்டாது.

நாற்பத்தோராவது வயதில் சீனி வருத்தமும் மூச்சுமுட்டலும் சேர்ந்து அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோயின. அங்கே வயிற்றைத் திறந்து இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். மிச்சம் ஒரு கதலிப்பழ அளவு என்று டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். ஒன்றரை வருடத்தில் எண்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டார். பழைய களிசானுக்குள் இரண்டு எமில் நிற்கலாம். அந்தக் களிசானைப் பிடித்துக்கொண்டு அவர் படம் எடுத்து ஊர் முழுக்கக் காட்டித் திரிந்தார்.

கிளினிக்கில் சாப்பாட்டுக்குப் பொறுப்பான ஒரு பெண் இருந்தாள். முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு இடமிருந்தால் சோறு என்றாள். ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னாள். சத்துக் குளிசை விழுங்குவதைச் சாகும்வரை விடக்கூடாது என்றாள். “இந்த வயிறு சாப்பாட்டில இருந்து சத்தை முழுசா எடுக்காது, அக்கா. குளிசையை விட்டா நரம்பு போகும். நடை போகும். புத்தியும் போகலாம்” என்று சொன்னாள். அதை என்னிடம்தான் சொன்னாள். அவர் அப்போது உள்ளே சேட் மாற்றிக்கொண்டிருந்தார். வழியில் நான் அவரிடம் ஒப்புவித்தேன். அவர் யன்னலால் அநுராதபுரத்துக் குளங்களைப் பார்த்துக்கொண்டு “ஓம், ஓம்” என்றார்.

மூன்றாம் வருடம் சனி பிடித்தது. சின்ன வயிறு சோற்றைத் தடுக்கும், ஐஸ்கிறீமைத் தடுக்காது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் ஐஸ்கிறீம், சோடா, கையில் ஒரு பைக்கற் மிக்சர். தொண்ணூற்று மூன்று கிலோ வந்தது. சந்தியில் யாரோ “பீப்பா திரும்பி வருது” என்று சொல்ல அவர் கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்து அழுதார். அறுவைச் சிகிச்சை முடிந்து, தண்ணீரைக் கரண்டியால் குடித்த நாளில்கூட அழாத மனிதர்.

“திரும்பி அப்பிடி ஆனா நான் உயிரோட இருக்க மாட்டன், சிசி” என்றார்.

எனக்கு அந்தப் பேச்சுப் பயமாக இருந்தது. அடுத்த நாள் முதல் விடியக் கூடவே எழும்பி ரெயில் பாதையோரமாக அவருடன் நடந்தேன். தட்டில் முதலில் மீனை வைத்தேன். மூன்று மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதை நான் எங்கும் சொல்லுவேன், நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தை மாதம் பாஸ்கு பழக்கும் அண்ணாவியார் சிங்கராசா வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே எமிலைச் சுற்றிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவரைப் போல.

“எமில், இந்த முறை ஆண்டவராய் நீர்தான் நிக்கவேணும். உயரமும் முகமும் சரி. இன்னும் கொஞ்சம் வத்தினா நல்லம்” என்றார்.

திரை இழுத்த மனிதருக்குச் சிலுவை கிடைத்தது. அவர் சிங்கராசா அண்ணரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இயேசுவின் பெண்சாதி என்று என்னை யார் சொல்லப் போகிறார்கள் என்று பகிடி விட்டேன். பகிடி விடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம்.

பாஸ்குவில் வேடம் கட்டுகிறவர்கள் தபசு காலம் முழுவதும் மச்சம் தொடமாட்டார்கள். மீனில்லை, முட்டையில்லை, இறைச்சி இல்லை. கடலிலிருந்து மீனை அள்ளிக்கொண்டு வருகிற ஊரில் அது சின்ன ஒறுத்தல் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு முழு வயிறு இருக்கிறது. கத்தரிக்காயும் சோறும் இரண்டு கோப்பை தின்று ஈடுகட்டுவார்கள். இவருக்கு நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. அந்த நாலு கரண்டியும் சோறென்றால் உடம்புக்கு என்ன மிஞ்சும்?

நான் நேரே பங்குத்தந்தையிடம் போனேன். அவர் வீட்டுக்கே வந்தார்.

“எமில், நோயாளிக்கு ஒறுத்தல் கடமை இல்லை. நீங்கள் மீன் சாப்பிடுங்கோ. பாவம் இல்லை, நான் சொல்லுறன்.”

“நான் நோயாளி இல்லை, பாதர்” என்றார் இவர்.

பாதர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்த வசனத்தைச் சொல்ல இவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திருநீற்றுப் புதனன்று தொடங்கினார். நான் பருப்பைக் கூட்டினேன், கடலையை மசித்தேன். வாயு ஏறுகிறது என்று தள்ளிவைத்தார். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்துக் கஞ்சிக்குள் கலந்து கொடுத்தேன். முதல் கரண்டியிலேயே பிடிபட்டுப்போனேன். எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, “நாப்பது நாள் எனக்காக ஒண்டு செய்யமாட்டியோ?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு என் கையால் கஞ்சி வாங்குவதில்லை. தானே வைத்துக் குடித்தார்.

அந்தக் கிழமைதான் நான் மன்னார் ரவுணுக்கு அவருடைய குளிசை வாங்கப் போனேன். வஸீர் நானாவின் மருந்துக் கடையில் எனக்கு முன்னால் தாராபுரத்துச் சனூன் மாஸ்டர் நின்றார். அவரும் அதே சத்துக் குளிசையைக் கையில் வைத்து, இதன் கூடு எதிலிருந்து செய்தது, தங்கள் மார்க்கத்துக்கு ஆகுமா என்று விசாரித்தார். வஸீர் நானா பெட்டியைத் திருப்பி வாசித்தார். மாட்டுத் தோலிலிருந்து எடுத்த பசை என்று போட்டிருக்கிறது, முறைப்படி அறுத்த மாடா என்று போடவில்லை, மனதுக்குச் சங்கடமென்றால் அதே மருந்து குடிக்கிற பாணியாக இருக்கிறது என்றார். சனூன் மாஸ்டர் பாணியை வாங்கிக்கொண்டு போனார்.

நான் குளிசையையே வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் கஞ்சிக் கோப்பையோடு இருந்தார். கோபம் ஒரு பக்கம், எப்படியாவது ஒரு துண்டு மீனை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற அந்தரம் ஒரு பக்கம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, மச்சம் தொடாத தபசியாரே. நீங்கள் காலமை விழுங்கிற குளிசைக் கூடு என்னத்தில செய்யிறது தெரியுமோ? மாட்டுத் தோலில. ஒவ்வொரு நாளும் மாட்டைத் திண்டுபோட்டுத்தான் ஒத்திகைக்குப் போறீங்கள். மாடு போற வயித்துக்க ஒரு துண்டு பாரை போனா என்ன குறைஞ்சுபோகும்?”

“ஆர் சொன்னது?”

“வஸீர் நானா. பெட்டியிலயே எழுதிக் கிடக்கு.”

அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். அதை மேசையில் வைத்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்று இரவு பாரை மீன் பொரித்தேன், அவர் தொடவில்லை.

அடுத்த நாளிலிருந்து குளிசையையும் அவர் தொடவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. “குளிசை போட்டனீங்களோ?” என்று கேட்பேன். “ஓம்” என்பார். பெட்டியில் குறைந்துகொண்டும் வந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் அந்த ஒரு பொய்யை ஒழுங்காகச் சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவர்.

உடம்பு வடிந்தது. ஊர் மெச்சியது. கோயிலடியில் பெண்கள் என்னைப் பிடித்து, “உண்மையான தபசு உங்கட வீட்டிலதான், சிசிலியா” என்றார்கள். மூன்றாம் கிழமையிலிருந்து குடித்த கஞ்சியையும் வெளியே தள்ளிச் சத்தி எடுக்கத் தொடங்கினார். விடிய நடப்பதை மட்டும் விடவில்லை, ஆனால் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார், ஆடுகிற வள்ளத்தில் நிற்பவர்போல. பாதம் விறைக்கிறது என்றார். ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்து, “ரெண்டு சிசி தெரியுது” என்றார்.

“ஒண்டையே உங்களால சமாளிக்க ஏலாது” என்றேன் நான். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அன்று இரவு நித்திரை வரவில்லை. கிளினிக்குக்குப் போவோம் என்று விடியக் கேட்டேன். பெரிய வெள்ளி முடியட்டும் என்றார். இன்னும் ஒன்பது நாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. பதினொரு வருடம் திரைக்குப் பின்னால் நின்றவர் ஒரு முறை முன்னால் நிற்கட்டும், ஒன்பது நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டாவது போயிருக்கலாம். போகவில்லை. முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள், அதுவும் என் மனதில் இருந்தது.

பெரிய வெள்ளி பின்னேரம் நான்தான் அவருக்கு வேடம் கட்டினேன். இறங்கிய எழுபத்துச் சொச்சம் கிலோவும் தோலை விட்டுவிட்டுப் போயிருந்தது. வயிற்றில் தொங்கிய தோலை மடித்து, நான் தைத்த பட்டியால் இறுக்கி, மேலே வெள்ளைத் துணியைச் சுற்றினேன். அவர் கண்ணாடியில் விலா எலும்புகளை எண்ணிப் பார்த்தார். “இப்ப சொல்லட்டும் பீப்பா எண்டு” என்றார்.

சிலுவையோடு மேடைக்கு வந்ததும் சனம் விம்மத் தொடங்கியது. இயேசு மூன்று முறை விழவேண்டும். முதல் முறை விழுந்தார், எழும்பினார். இரண்டாம் முறை விழுந்து எழும்ப நேரம் எடுத்தது. என் பக்கத்தில் இருந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது பெருமையில் வந்த அழுகை. மூன்றாம் முறை விழுந்தபோது சிலுவை அவர் மேலேயே கிடந்தது. சேவகனாக நடித்த கொலின்ஸ், பழக்கியபடியே கயிற்றால் அடித்தான். “எழும்பும்” என்று கத்தினான். திரும்பவும் அடித்தான். நல்லாய் நடிக்கிறார் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

மேலே தொங்கிய மைக்கில் அவருடைய குரல் கேட்டது. அது பாஸ்குவில் உள்ள வசனம் இல்லை.

“தம்பி, என்ர காலைக் காணேல்லை.”

கொலின்ஸ் கயிற்றைப் போட்டான். நான் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அவருடைய கண்கள் இரண்டும் நிலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. என்னை யாரென்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, சத்துக் குளிசை ஒழுங்காக எடுத்தாரா என்பது. எடுத்தார் என்று நான் அடித்துச் சொன்னேன். அடுத்த நாள் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவள், டொக்டரின் கேள்வி உறுத்த, எஞ்சின் திருத்தும் சாவிகளை அவர் போட்டுவைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தேன். நட்டுகளுக்கு நடுவில் குளிசைகள் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிலத்திலேயே இருந்துவிட்டேன். திரும்பிப் போய் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. சத்து ஊசி ஏற்கனவே ஏற்றத் தொடங்கிவிட்டதாகவும், இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.

கண் சரியாகியது. கால் வரவில்லை. பழைய நினைவெல்லாம் இருக்கிறது. எந்த எஞ்சினுக்கு எந்தச் சாவி என்று இப்போதும் சொல்லுவார். புதிதாக ஒன்றும் நிற்பதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் வரை தங்காது. எழுபத்தொரு கிலோவில் நிற்கிறார், ஏறுவதுமில்லை இறங்குவதுமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் விடிய என்னைக் கூப்பிட்டு, “சிசி, என்ர காலுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். கட்டிலடியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குளிசை, மாட்டுத் தோல், என் பகிடி, முன்வரிசைக் கதிரை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் அழுதார். பிறகு என் தலையைத் தடவி, “நீ பகிடிக்குச் சொன்னனீ. நான்தான் விசரன். மன்னிச்சிட்டன், அழாதை” என்றார். அன்று இரவுதான் நான் நித்திரை கொண்டேன்.

மறுநாள் விடிய, “சிசி, என்ர காலுக்கு என்ன நடந்தது?” என்றார்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுள் மன்னித்துவிட்டார், திரும்பத் திரும்பச் சொல்லி அந்த மனிதரை நோகடிக்க வேண்டாம், உன்னையும் நோகடிக்காதே என்றார். சரியென்று ஒரு நாள், காய்ச்சல் வந்து நரம்பைப் பாதித்துவிட்டது என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து, “நீ பக்கத்தில இருந்தபடியால்தான் நான் தப்பியிருக்கிறன்” என்றார். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து உண்மையையே சொல்லுகிறேன்.

சில நாள் மன்னிப்பார். சில நாள் மன்னிக்கமாட்டார். இன்று மன்னிக்கவில்லை. “உன்ர வாயால என்னைச் சாக்காட்டிப்போட்டாய்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் குசினிக்குப் போய் மீனை அவித்து, முள் எடுத்து மசித்தேன். பத்து மணிக்குக் கோப்பையோடு வந்தபோது எல்லாம் மறந்துபோயிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.