பத்து நிமிடம் இலவசம்

அருள்முருகன் ஆறு வருடமாக விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறான். இந்த ஆறு வருடத்தில் அங்கே ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. காரைக்குடி டாக்ஸி ஸ்டாண்டில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது வந்தால் அவனே சொல்லிவிடுவான்.

விஷயம் ஒன்றும் சிக்கலானதல்ல. உள்ளே நுழையும்போது வாசலில் இருக்கும் கேமரா வண்டி நம்பரைப் பிடித்துக்கொள்ளும். ஆளை இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்தால் காசு இல்லை. தாண்டினால் நூற்றைம்பது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். சண்டை போடக்கூட ஆள் கிடையாது. பத்து நிமிடம் என்றால் இறக்கிவிடும் இடத்தில் நிற்கிற நேரம் என்றுதான் மற்ற டிரைவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அருள்முருகன் போர்டைப் படித்தவன். உள்வாசலிலிருந்து வெளிவாசல் வரைக்கும் பத்து நிமிடம். போர்டைச் செல்போனில் படம் எடுத்தும் வைத்திருந்தான். படத்தின் கீழோரத்தில் போர்டை ஒரு காகிதப்பூச் செடி கொஞ்சம் மறைத்தது. மற்றபடி எழுத்து தெளிவாகவே இருந்தது.

படித்ததோடு அவன் நிற்கவில்லை. விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே ஓரங்கட்டுவான். பாஸ்போர்ட் கைக்கு வர வேண்டும். செருப்பு காலுக்கு வர வேண்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட வேண்டும். வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்து, "அழுகுறவுக இங்குட்டே அழுதுக்கங்க, உள்ள நேரமில்லை" என்பான். அவர்களும் அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு ஏறுவார்கள்.

அதே ஸ்டாண்டில் ஓட்டும் ஐயனாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவன் நிதானமாக உள்ளே போவான், பெட்டியை இறக்கி வைப்பான், நூற்றைம்பதைக் கட்டுவான், வந்தவரிடம் வாங்கிக்கொள்வான்.

"எதுக்குண்ணே இம்புட்டு ஓட்டம்? வெள்ளம் வந்த மாதிரியில்ல ஆளை இறக்குறீக."

"விவரம் வேணும்டா."

"எனக்கு விவரமில்லை. நூத்தம்பது ரூவா இருக்கு."

கண்டனூரில் ஞானசம்பந்தம் செட்டியாரின் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். மகள் மீனுவின் கல்யாணத்துக்காகத் திறந்தவர்கள் மறுபடி பூட்டப்போவதில்லை என்று சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து அது பன்னிரண்டு அறை ஓட்டல். தங்க வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் ஒரே வண்டி, ஒரு வருடத்துக்குப் பேச்சு. ஸ்டாண்டில் ஒரு சவாரிக்கு நான்கு நாள் காத்துக் கிடப்பவனுக்கு இது சாதாரணப் பேச்சு அல்ல. அருள்முருகனும் போய்க் கேட்டான், ஐயனாரும் போய்க் கேட்டான். ஓட்டலுக்குப் பெயர் வைப்பது மட்டும் செட்டியாரின் பொறுப்பு. மற்றதெல்லாம் அவர் மனைவி தேனம்மை ஆச்சி.

ஆச்சி இருவரையும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏர்போர்ட்டுக்குள்ள போக எவ்வளவுப்பா?"

"நூத்தம்பது ஆச்சி. அது தனி" என்றான் ஐயனார்.

"காசே கிடையாது ஆச்சி" என்றான் அருள்முருகன். படத்தை நீட்டினான்.

ஆச்சி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு போர்டை எழுத்தெழுத்தாகப் படித்தார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"புதன்கிழமை மீனுவும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர் போறாக. நீ வண்டி கொண்டா. நானும் கூட வாரேன். பார்ப்போம்."

புதன்கிழமை எல்லாம் சரியாகவே நடந்தது. வீட்டிலிருந்த முப்பது பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்ப முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். விமானம் இரண்டு நாற்பதுக்கு. பெட்டி வாங்கும் கவுண்டரை ஒன்று நாற்பதுக்கு மூடிவிடுவார்கள். பதினொன்றரைக்கெல்லாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

அங்கே மீனுவின் அம்மான் வீடு. கல்யாணம் ஆன கையோடு அக்கா மகளை ஒரு வேளை சாப்பிட வைத்து அனுப்பாத அம்மான் உலகத்தில் இல்லை. பதினொன்று நாற்பதுக்கு இலை போட்டார்கள். மாப்பிள்ளை ஹரீஷ் உட்கார்ந்துவிட்டார். ஆச்சியும் உட்காரப் போனவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"மீனு, இன்னைக்குப் புதன்ல?"

"ஆமாம்மா."

"பன்னிரண்டுலேருந்து ஒன்றரை ராகு காலம்டி."

ஹரீஷ் முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். "வீட்டுல இருந்து நல்ல நேரத்துலதானே அத்தை கிளம்பினோம்?"

"அது தம்பி வீட்டுக்குக் கிளம்பினது. சாப்பிட்டு எந்திரிச்சாத்தானே பயணம்?"

"ஒன்றரைக்கு மேல போனா கவுண்டரை மூடிருவான்."

"இப்பவே எந்திரிங்கன்னு சொல்ல முடியுமா? இலை போட்டாச்சு."

அம்மான் குழம்புக் கரண்டியோடு நின்றார். வாசற்படிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றிருந்த அருள்முருகனுக்கு ஓட்டல் கதவு கண்ணெதிரே பூட்டப்படுவது தெரிந்தது. பயணம் தடைப்பட்டால் ஏன் தடைப்பட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள், யார் வண்டி என்றுதான் கேட்பார்கள்.

"ஆச்சி, பரஸ்தானம் வச்சிருவமா?" என்றான்.

ஆச்சி திரும்பிப் பார்த்தார்.

"எங்க அப்பா வெளியூர் மரவேலைக்குப் போறப்ப நேரம் சரியில்லைன்னா, நல்ல நேரத்துலயே உளிப்பையைக் கொண்டுபோயி அடுத்த வீட்டுல வச்சிருவாக. பை கிளம்பிட்டா ஆள் கிளம்பின மாதிரி. அப்புறம் எந்நேரம் வேணாலும் போகலாம்."

"எனக்குத் தெரியாதா பரஸ்தானம்?" என்றார் ஆச்சி. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு மஞ்சள் பையில் மீனுவின் புடவை ஒன்று, வெற்றிலை பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டுவந்தார்.

"எதிர்ல டீக்கடை இருக்கு ஆச்சி. அங்க வச்சிர்றேன்."

"டீக்கடையிலேருந்தா சிங்கப்பூர் போறாக? ஏர்போர்ட்டு எல்லைக்குள்ள வையி."

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அவன் விமான நிலைய வாசலைத் தாண்டினான். கேமரா நம்பரைப் பிடித்துக்கொண்டது. இறக்கிவிடும் இடத்தில் நிறுத்தி, மஞ்சள் பையை நடைபாதையில் வைத்தான். வைத்து நிமிர்வதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

"யாரு பை?"

"பயணிங்க பை."

"பயணி எங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காக."

காவலாளி பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் இல்லாத பையை இங்க வைக்கக்கூடாது. வச்சா பத்து பேர் நாயோட வருவாங்க. எடுங்க."

நான்கு நிமிடம் போய்விட்டது. நடைபாதை ஓரத்தில் ஒரு காபிக்கடை இருந்தது. உள்ளே நின்ற பெண்ணின் சட்டையில் சிவரஞ்சனி என்று எழுதியிருந்தது. அருள்முருகன் பையைக் கல்லாவில் வைத்தான்.

"தங்கச்சி, பரஸ்தானம் தெரியுமா?"

"எங்க வீட்டுலயும் வைப்பாங்க. ஆனா இங்க அதெல்லாம் விற்கிறதில்லையே."

"இந்தப் பை ஒரு அரை மணி நேரம் இங்க இருக்கட்டும். பிரிச்சுப் பார்த்துக்க. பழமும் புடவையும்தான்."

அவள் பிரித்துப் பார்த்தாள். "காபி வாங்கினா கஸ்டமர் பைன்னு சொல்லலாம்."

காபி நூற்றெண்பது ரூபாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு வெளிவாசல் திறந்தது. ஏழு நிமிடம். செல்போனில் ஆச்சியைக் கூப்பிட்டான்.

"வச்சாச்சு ஆச்சி."

"காசு?"

"ஒத்தைப் பைசா இல்லை."

காபியைப் பற்றி ஆச்சி கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது பாயசம் நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டே காலுக்கு எல்லோரையும் ஏற்றினான். வழக்கம்போல் பெட்ரோல் பங்கில் ஓரங்கட்டி, பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கச் சொன்னான். பிறகு கண்ணாடியில் ஆச்சியைப் பார்த்தான்.

"ஆச்சி, அழுகுறதா இருந்தா..."

"கல்யாணத்தன்னைக்கே அழுதாச்சு."

"நீங்க, மீனும்மா?"

"எனக்கு அழுகை வரலைண்ணே. போங்க."

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இந்த இடத்தில் சாதாரணமாக மூன்று நிமிடம் போகும். அந்த மூன்று நிமிடம் மிச்சம்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு உள்ளே நுழைந்தான். ஹரீஷும் அவனுமாகப் பெட்டிகளை இறக்கினார்கள். மீனு காபிக்கடைக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஹரீஷ் அதைச் செல்போனில் படம் பிடித்தார். எதற்கு இந்தப் பை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்க, அவருக்கும் நின்று விளக்கினார். அருள்முருகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெளிந்தான். ஆச்சி இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி, சட்டென்று வண்டியில் ஏறினார்.

"எடுப்பா. எத்தனை ஆச்சு?"

"எட்டு ஆச்சி."

வெளிவாசலைத் தொட்டபோது ஒன்பது. தடுப்புக்கட்டை உயர்ந்தது. அருள்முருகன் கண்ணாடியில் ஆச்சியைப் பார்த்தான். ஆச்சி தலையசைத்தார். அந்த நேரத்தில் செல்போன் ஒரு முறை கூவியது.

நூற்றைம்பது ரூபாய் கழிக்கப்பட்டது என்று செய்தி வந்திருந்தது.

"என்னப்பா சத்தம்?"

"ரீசார்ஜ் பண்ணச் சொல்றான் ஆச்சி."

கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தினான். டயரைப் பார்க்கிறேன் என்று சொல்லி இறங்கினான். டயரைப் பார்த்துக்கொண்டே ரோட்டோரமாகப் பின்னால் நடந்து உள்வாசல் போர்டு வரை போனான். காகிதப்பூச் செடியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அவன் மனப்பாடமாக வைத்திருந்த மூன்று வரிக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருந்தது. வெளியேறிய முப்பது நிமிடத்துக்குள் மீண்டும் நுழையும் வாகனத்துக்கு இலவச நேரம் இல்லை.

ஐம்பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு வரை விரல் விட்டு எண்ணினான். இருபத்தேழு நிமிடம். மூன்று நிமிடம் குறைந்தது. மீனு அழுதிருந்தால் சரியாக வந்திருக்கும்.

"என்னப்பா, டயர் அம்புட்டுத் தூரத்திலயா இருக்கு?" என்றார் ஆச்சி, அவன் திரும்பி வந்ததும்.

"ஆணி கெடந்துச்சு ஆச்சி."

சொல்லிவிடலாம் என்று வழியில் இரண்டு முறை வாயெடுத்தான். முதல் முறை ஆச்சி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை விழித்துக்கொண்டு, "ஆறு வருஷமா ஒத்தைப் பைசா குடுக்கலைங்கிறதை நம்பலைப்பா நான். இன்னைக்குக் கண்ணால பார்த்தேன்" என்றார். அதற்கு மேல் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். முற்றத்தில் கூலியாட்கள் கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஞானசம்பந்தம் செட்டியார் பெயர்ப்பலகையின் எழுத்துகளைத் தள்ளி நின்று பார்ப்பதும் கிட்ட வந்து பார்ப்பதுமாக இருந்தார். ஆச்சி ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயனாரு, நீ நல்ல பையன்தான். ஆனா நூத்தம்பது நூத்தம்பதா வருஷத்துக்கு எங்க போய் நிக்கும்? அருளு காசில்லாம முடிச்சுத் தாரான்."

"சரிங்க ஆச்சி" என்றான் ஐயனார்.

தாளில் ஒரு சவாரிக்கு இன்ன தொகை என்று இருந்தது. அதன் கீழே, விமான நிலையக் கட்டணம் எதுவும் கிடையாது என்று ஆச்சியின் கையெழுத்தில் இருந்தது. அருள்முருகன் பேனாவை வாங்கினான். தினமும் பையை முன்னால் கொண்டுபோகப் போவதில்லையே. பரஸ்தானம் ஒரு நாள் கூத்து. ஒரு போக்கு, ஒரு வரவு என்றால் பத்து நிமிடம் அவன் கைக்குள்.

"இன்னொன்னுப்பா" என்றார் ஆச்சி. "மாப்பிள்ளை ராத்திரி பேசினாரு. அந்த மஞ்சப்பையைப் படம் புடிச்சுப் போட்டாராம். ஆயிரம் பேர் பார்த்திருக்காக. அதை ஓட்டல்லயே வச்சிருவோம்ங்கிறாரு. போற விருந்தாளி ஒவ்வொருத்தருக்கும் ஒரு மஞ்சப்பை. ஆளை வண்டியில வச்சுக்கிட்டே ஒரு தரம் உள்ள போ, பையைக் காபிக்கடைப் புள்ளைகிட்டக் குடு, வெளிய வந்து ஒரு டீ வாங்கிக் குடு, மறுபடி உள்ள கொண்டுபோய் இறக்கு. பத்து நிமிஷ வேலை. அதுக்குன்னு தனியா வசூல் பண்றோம்."

"யாரு, நானா?"

"ஓட்டல் வசூல் பண்ணும். உனக்கென்ன, காசில்லாம போயிட்டு காசில்லாம வரப்போறே."

பேனா தாளில் தொட்டபடி நின்றது. நான்காவது வரியைச் சொன்னால் தாள் ஐயனாரிடம் போகும். ஐயனார் பக்கத்தில்தான் நின்றான், தாளை வாங்கக் கை காலியாகவும் இருந்தது.

"அரை மணி கழிச்சு உள்ள போனா இன்னும் விசேஷம் ஆச்சி" என்றான் அருள்முருகன். "பை கொஞ்சம் தங்கணும்ல."

"டீ குடிக்க அரை மணியா? வெள்ளைக்காரன் ரெண்டு மடக்குல குடிச்சுட்டுப் போயிருவான். பத்து நிமிஷம் போதும்."

அவன் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் ஐயனார் அருள்முருகனின் தோளில் கை போட்டான். அவனுக்கு வருத்தம் அதிகம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

"கெட்டிக்காரருண்ணே. இனிமே நானும் போர்டு படிக்கிறேன். அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க."

அருள்முருகன் அனுப்பினான். அனுப்பாமல் இருக்கக் காரணம் தோன்றவில்லை. ஐயனார் அங்கேயே நின்று படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அண்ணே, இந்தப் பூச்செடிக்குப் பின்னாடி என்னமோ எழுதியிருக்கு போலயே?"

"வெறும் செடிடா அது" என்றான் அருள்முருகன்.