மூன்று விரலுக்கு ஒரு கத்தி

1.

மீன் சந்தையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஆனாலும் மற்றவர்களைவிட வேகமாக மீன் வெட்டினாள். இந்தக் கதைக்கு என் கைமுதல் அவ்வளவுதான். மீதியெல்லாம் இட்டுக்கட்டியது.

2.

கத்தி செய்பவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலில் எஃகைப் பாருங்கள், பிறகு கைப்பிடியை—

[விட்டுவிட்டேன். விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது. அவளுடைய சிக்கல் எஃகில் இல்லை. ஊரிலேயே பேர்போன கத்திக்காரன் அவளுடைய தம்பி.]

வேட்டைக்குப் போகிறவர்களும் தூண்டில்காரர்களும் தம்பியின் பட்டறையில்தான் கத்தி சொல்லிவைப்பார்கள். அக்காவின் மீன் கத்தியும் அவன் செய்ததுதான். ஒருநாள் பெரிய மீனின் நடுமுள்ளில் அவள் அழுத்தியபோது கைப்பிடி பிளந்து, கை அலகின்மேல் சரிந்தது. கைப்பிடிக்குள் கடைசிவரை இறங்கியிருக்க வேண்டிய அலகின் காம்பு பாதியிலேயே நின்றிருந்தது. மீதிக்குப் பசை.

மருத்துவமனைக்கு வந்த தம்பி சொன்னான்: "ஈரக் கையோட பிடிச்சிருப்பக்கா."

மீன் வெட்டுகிறவள் வேறு எந்தக் கையோடு பிடிப்பாள்?

(இந்த இடத்தில் அவன் தேம்பி அழுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். அவன் அழவில்லை.)

3.

காயம் ஆறியதும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பட்டறைக்குப் போனாள். அந்தப் பட்டறைக்காரர் அவள் கையில் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்தார்.

"பிடிங்கம்மா. உங்களுக்கு எப்படி வருதோ அப்படி."

பிடித்தாள். மூன்று விரலின் பள்ளம் விழுந்தது. அதை அவர் பரிதாபமில்லாமல் பார்த்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கைப்பிடி மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காம்பைப் பாத்துட்டுப் போங்க. பாக்காம வாங்காதீங்க."

அந்த வார்த்தைக்காகவே அவரிடம் செய்யச் சொன்னாள்.

[இவர் ரொம்ப நல்லவராகிவிட்டார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆகவே இதையும் சேர்க்கிறேன்: அவள் யாருடைய அக்கா என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். "அவனோட சொந்த அக்காவே இப்ப நம்ம கடையிலதான்" என்று அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.]

4.

அம்மா போனில் கத்தினாள்.

"மானம் போச்சுடி! அவன் சும்மாவே செஞ்சு தரேங்கறான், உனக்கென்ன கேடு?"

"எனக்கு ரெண்டு விரல் போயிருக்கும்மா."

"அவன் என்ன வேணும்னா செஞ்சான்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு அம்மா அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

5.

முடிவு ஒன்று: தம்பி வந்து, தப்பு என்னுதுதான்க்கா என்று—

[இல்லை. அவன் வாயில் அது வராது.]

முடிவு இரண்டு: புதுக் கத்தி வந்தது, அவள் நிம்மதியாக—

[கத்தி வந்தது. நன்றாகவே வெட்டியது. நிம்மதி மட்டும் வரவில்லை.]

பிறகு நடந்தது இது. வேட்டைக்குப் போன ஒருவனின் கையைத் தம்பி செய்த கத்தி கிழித்தது. அவன் போலீஸில் புகார் கொடுத்தான். தம்பி அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உன்கிட்டயும் விசாரிப்பாங்க. உன் விரல் போனது உன் கவனக்குறைவாலதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கூடப்பிறந்தவ சொன்னா நம்புவாங்க."

அவள் கேட்டாள்: "அந்த ஆளுக்கு விரல் ஏதாவது போச்சா?"

"தெரியல. கேக்கல."

அம்மா மகளின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கையை அம்மா தொட்டதே இல்லை.

"சொல்லிடும்மா," என்றாள்.

இங்கே அவள் பதில் சொல்ல வேண்டும். 'சரி' என்று எழுதினேன். அந்த வேட்டைக்காரனின் கையை நினைத்து அடித்துவிட்டேன். 'மாட்டேன்' என்று எழுதினேன். உடனே அம்மா கையை விட்டுவிட்டாள். அதையும் அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள். அம்மா இன்னும் கையை விடவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.