பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பவன்

1

இந்தக் கதை ஒரு ஜீப்பின் பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தபோது எனக்குக் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து யோசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்த்தது இந்த இடம்தான்.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டிலிருந்து தார்ரோட்டுக்கு ஏறுகிற எஸ்டேட் பாதையில் பாறை வளைவு என்று ஒன்று இருக்கிறது. கனகாவின் ஜீப் காபி மூட்டைகளோடும், மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பழம் பறிக்கிற பெண்களோடும் அங்கே வந்து திணறி நிற்கும். பெண்கள் இறங்குவார்கள். பாதிப் பேர் வண்டியைத் தள்ளுவார்கள், பாதிப் பேர் கனகாவைத் திட்டுவார்கள். வண்டி ஒரு முழம் ஏறியதும் அது பின்னால் உருண்டு வராமல் நான் பின்சக்கரத்துக்கு அடியில் கல் கொடுப்பேன். மறுபடி ஒரு முழம், மறுபடி கல். மூட்டை ஏற்றி இறக்கத்தான் எனக்குக் கூலி. கல் கொடுப்பது அதில் சேராது.

அப்படிக் குந்தியிருக்கும்போது மூக்குக்கு நேராக டயர் நிற்கும். அதன் பக்கவாட்டில் எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். நான் படிக்கக் கற்றுக்கொண்டது மயிர் நரைத்த பிறகு. கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்க்கிற ஆசை இன்னும் அடங்கவில்லை. டயரில் ஒரு எண் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை: 104.

2

தொடக்கம் ஒன்று: "ஏற்காட்டு மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கனகா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி—"

வேண்டாம். எல்லாக் கதையிலும் மழை கொட்டுகிறது.

தொடக்கம் இரண்டு: "கனகா பயம் அறியாதவள். புருஷன் விட்டுப்போன ஜீப்பை—"

இதுவும் வேண்டாம், இது பொய். பின்னால் இருக்கிறவனுக்கு பிரேக் விளக்கு தெரியும். அது விட்டுவிட்டு எரிந்தால் மிதிக்கிற கால் நடுங்குகிறது என்று அர்த்தம். கனகாவின் விளக்கு அந்த வளைவில் எப்போதும் விட்டுவிட்டுத்தான் எரியும்.

தொடக்கம் மூன்று, இதுதான் நடந்தது: போன ஐப்பசி மழையில், பெண்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்னால் வழுக்கியது. தேய்ந்த டயர், மண் பிடிக்கவில்லை. நான் கொடுத்த முதல் கல்லை அது ஏறித் தாண்டியது. இரண்டாவது கல் நின்றது. யாருக்கும் அடியில்லை. மாதம்மாள் சோறு கொண்டுவருகிற தூக்குப்போசி மட்டும் சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமாகிவிட்டது. மாதம்மாள் பழம் பறிக்கிறவர்களிலேயே மூத்தவள். அந்த அப்பளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னைக்குப் போசி. நாளைக்கு நானு," என்றாள்.

மறுநாளிலிருந்து ஒருத்தியும் வண்டியில் ஏறவில்லை. டயர் மாற்றுகிறவரை நடந்தே வருகிறோம் என்றார்கள். நடந்து வந்தவர்கள் பாதி நாளில் களைத்துப்போனார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆறுமுகம், ஆட்கள் ஏறாத வண்டி எஸ்டேட்டுக்கு எதற்கு, பக்கத்து ஊர் வெள்ளக்கடையில் வேறு வண்டி இருக்கிறது என்று கனகாவிடம் சொல்லிவிட்டார். கனகாவுக்கு அந்த ஜீப்பை விட்டால் வேறெதுவும் இல்லை.

3

ஏற்காட்டில் நவாஸ் வைத்திருக்கிற டயர் கடைக்கு மூவரும் போனோம். கண்ணால் பார்த்து நம்பட்டும் என்று மாதம்மாளையும் கனகா கூட்டி வந்திருந்தாள். சக்கரம் தூக்க நான்.

நவாஸ் மூன்று வகை காட்டினார். ஒன்று ரோட்டு டயர்: தாரில் சத்தமில்லாமல் ஓடும், சேற்றைக் கண்டால் சறுக்கும். இன்னொன்று சேற்றுக்கென்றே செய்தது, கட்டை கட்டையாகப் பல் வைத்தது. சேற்றைக் கவ்வும், ஆனால் மழை நேரத்தில் கொண்டை ஊசி வளைவுத் தாரில் நம்ப முடியாது. நடுவில் ஒன்று: இரண்டையும் பார்த்துக்கொள்கிற ஏ.டி. டயர். பாதி வழி மண், பாதி வழி தார் என்று ஓடுகிற கனகாவுக்கு அதுதான் என்றார்.

[இந்தப் பத்தி விளம்பரம் மாதிரி ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் பல் வைத்த டயரைத் தொட்டுப் பார்த்த மாதம்மாள், "நம்ம ரைட்டர் பல்லாட்டம் இருக்குது," என்று சொன்னதையும் எழுதிவிட்டால் சரியாகிவிடும்.]

அப்போதுதான் நான் 104 பற்றிக் கேட்டேன். நூற்று நாலு கிலோ, நாலு சக்கரம் என்று பெருக்கிப் பார்த்துப் பல நாள் தூக்கம் கெட்டிருந்தேன். வெறும் வண்டியையே தாங்காதே அது.

"அது கிலோ இல்லீங்ணா," என்றார் நவாஸ். "அதுக்குத் தனியா அட்டவணை இருக்குது. நூத்தி நாலுன்னா ஒரு டயரு தொள்ளாயிரம் கிலோ தாங்கும். அதும் ரப்பரு தாங்கறதில்ல, உள்ள இருக்கற காத்துதான் தாங்குது. காத்து கொறஞ்சா அந்த நம்பரு வெறும் எழுத்துதானுங்க."

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழையும்போது ஒரு சிலிர்ப்பு முதுகில் ஏறுமே, அது எனக்கு ஏறியது. முதுகு ஒடிய ஒரு மூட்டையைத் தூக்குகிறவன் நான். பதினெட்டு மூட்டையின் பாரத்தைக் காற்று தூக்குகிறது. ஒவ்வொரு சக்கரமும் மண்ணைத் தொடுகிற இடம் விரித்த உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையின்மேல்தான் மலையில் இவ்வளவும் ஏறி இறங்குகிறது. பக்கத்திலேயே குந்தியிருந்தும் இத்தனை காலம் தெரியாமல் போயிற்றே.

நவாஸ் அடுத்துக் கேட்டார், வண்டியில் என்னென்ன ஏற்றுவீர்கள் என்று. கனகா மூட்டைக் கணக்கைச் சொன்னாள். அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்து, இதே நம்பர் போதும் என்றார்.

"ஏங்கண்ணு," என்றாள் மாதம்மாள். "மூட்டை மேல நாங்க குந்தீட்டு வர்றமே, அது எந்தக் கணக்குல?"

கனகா நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தாள். "நீங்க பாரமாங்க்கா? நீங்கதான எறங்கித் தள்றீங்க."

"எறங்கற வரைக்கும் ஆரு தலை மேல இருந்தோம்?"

நவாஸ் கையிலிருந்த காற்றுக் குழாயைக் கீழே வைத்தார்.

4

இந்த இடத்தில் வாசகர் நம்பமாட்டார் என்று எனக்குச் சந்தேகம். வண்டி ஓட்டுகிறவள் ஆட்களை எண்ணாமல் விடுவாளா? கனகாவை மடச்சியாகக் காட்டுகிறேனோ? இரண்டு தடவை இந்தப் பகுதியை அடித்துவிட்டு, மூன்றாம் தடவை அப்படியே விட்டேன். ஏனென்றால் நானும் எண்ணியதில்லை. நாங்கள் வேலை செய்கிற இடத்தில் பாரம் என்றால் இன்னொருவர் தூக்கி இறக்கவேண்டியது. தானாக இறங்கி நடப்பது பாரமில்லை. தானாக இறங்கித் தள்ளவும் செய்தால் அது பாரத்துக்கு எதிர்க்கட்சி.*

* இந்த வாக்கியத்தை மாதம்மாளிடம் படித்துக் காட்டினேன். கட்சியெல்லாம் வேண்டாம், அவரவர் ஓட்டு அவரவருக்கு என்றாள்.

5

மறுநாள் எஸ்டேட்டில் பழம் நிறுக்கிற மேடைத் தராசில் பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். இதைக் கனகாதான் கேட்டாள். ரைட்டர் முதலில் சிரித்தார், பிறகு தானே முள்ளைப் பார்த்துச் சொன்னார். கனகா சாக்பீஸால் ஜீப்பின் கதவில் எழுதிக்கொண்டே வந்தாள்.

ஒருத்தி எடையைக் காதோடு சொல்லச் சொன்னாள். இன்னொருத்தி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள், குறையும் என்று. வள்ளி, ஈரப் பழத்துக்கும் சாக்குக்கும் எடை கழிப்பீர்களே, என் சேலைக்கும் கழித்துக்கொள்ளுங்கள் ரைட்டரே என்று கேட்க, ரைட்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாதம்மாள் கடைசியாக ஏறினாள். முள் ஆடி நிற்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்த நாள்லருந்து என்ர பழத்த நிறுத்தாங்க," என்றாள். "என்னைய இன்னைக்குத்தான்."



கூட்டிப் பார்த்தோம். என்னையும் ஒருமுறை கணக்குப் போடச் சொன்னாள் கனகா. இரண்டு தடவை கூட்டினேன். மூட்டைகளின் எடையைவிட ஆட்களின் எடை அதிகம். அந்த மழை நாளில் இது அத்தனையும், தேய்ந்த நாலு டயருக்குள் இருந்த காற்றின்மேலும் என் கல்லின்மேலும் நின்றிருக்கிறது. கனகா பழைய சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நவாஸிடம் போனில் சொன்னாள், இருப்பதிலேயே பெரிய நம்பர் டயரைப் போடுங்கள் என்று. அவர் சொன்ன பதிலை ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"நூத்திப் பன்னெண்டு இருக்குதுங்க்கா, போட்டுத் தர்றேன். ஆனா டயருக்கு நம்பரு ஏறுனா வண்டிக்கு ஏறாது. வில்லுப்பட்டையும் அச்சும் பிரேக்கும் அதே பழைய ஆளுதான. மூட்டைய ஒரு நடை, ஆளுகள ஒரு நடை அடிங்க."

எது முதல் நடை? இருட்டுவதற்குள் பழம் போய்ச் சேராவிட்டால் புளித்துவிடும், மூட்டைதான் முதலில் என்றார் ரைட்டர். கனகா கதவில் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தாள்.

"மொதல்ல ஆளுங்க," என்றாள். "வேண்டாம்னா வெள்ளக்கடை வண்டியக் கூப்ட்டுக்குங்க."

ரைட்டர் கூப்பிடவில்லை.

6

முடிவு. புது டயர் போட்ட முதல் நாள். தூறல். மூட்டை இல்லை, பெண்கள் மட்டும். நான் முன்கூட்டியே நடந்து போய் வளைவில் கல்லோடு நின்றுகொண்டேன். ஜீப் வந்து நின்றது. எப்போதும் இறங்குகிற இடம். இந்தத் தடவை ஒருத்தியும் அசையவில்லை. மாதம்மாள் மட்டும் கேட்டாள்:

"எறங்கோணுமா கண்ணு?"

முடிவு அ: வண்டி வழுக்காமல் ஒரே மூச்சில் ஏறியது. பெண்கள் குலவை— எழுதிப் பார்த்தேன். டயர் கம்பெனிக்காரன் காலண்டர் மாதிரி இருந்தது.

முடிவு ஆ: வண்டி வழுக்கி— இதற்குமேல் கை ஓடவில்லை. ஒவ்வொருத்தியும் எத்தனை கிலோ என்று தெரிந்த பிறகு இதை எழுத முடியாது.

முடிவு இ: கனகா எல்லோரையும் இறக்கிவிட்டாள். அப்படியென்றால் எடை பார்த்தது எதற்கு?

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் அது அந்த ஒரு நாளின் முடிவாகிவிடும். வண்டியோ தினமும் இந்த வளைவுக்கு வருகிறது.

கதையை ஒருமுறை மேலிருந்து படித்தபோது கணக்கில் இரண்டு பேர் விட்டுப்போனதைக் கண்டேன். ஒன்று கனகா. சாக்பீஸ் அவள் கையில் இருந்ததால் அவளைத் தராசில் ஏறச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்னொருவர் நீங்கள். முதல் வரியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் எடை எனக்குத் தெரியாது. சத்தமில்லாமல் வந்தீர்கள், நானும் உங்களைப் பாரமாக நினைக்கவில்லை.

இப்போது மூக்குக்கு நேராகப் புது டயர். பல்லுக்குப் பல் செம்மண் அப்பியிருக்கிறது. உள்ளே காற்று. மேலே பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. மாதம்மாள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறாள். இறங்குகிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், கனகாவின் கால் நொம்ப நேரம் தாங்காது.

கல் என் கையில்தான் இருக்கிறது.