வால்வை மூடிய பிறகும் ஓடிய எஞ்சின்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இன்றைக்கே விழட்டும். மூன்றும் ஆடாத பல், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கட்டடங்களுக்குத் தரை மெருகேற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. நான், என் வீட்டுக்காரி, அவள் தம்பி, ஆக மூன்று பேர். என் மச்சினனை எல்லோரும் ‘வெளிச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் பார்ப்பதற்கு முன்னால் அவன் கை சுவிட்சைத் தட்டிவிடும். பட்டப்பகலாக இருந்தாலும் தட்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தவன், முதலில் சுவிட்சைத் தட்டினான். அப்புறம்தான் நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரித்தான்.

எங்கள் மெஷினுக்கு ஒயர் கிடையாது. சின்ன எஞ்சின், அதன் முதுகில் ஒரு புரொப்பேன் சிலிண்டர், அவ்வளவுதான். ப்ளக் தேடி அலைய வேண்டாம் என்பதால் புதுக் கட்டடக்காரர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சிலிண்டருக்குள் புரொப்பேன் தண்ணீர் மாதிரி கிடக்கும். அதற்கு மேலே நிற்கும் ஆவிதான் குழாய் வழியாக வரும். நடுவில் ரெகுலேட்டர். அதற்குள் பலூன் கனத்தில் ஒரு ரப்பர் ஜவ்வு. எஞ்சின் மூச்சை இழுத்தால் ஜவ்வு அசைந்து கொஞ்சம் விடும். இழுக்காவிட்டால் துளி விடாது. அழுத பிள்ளைக்குத்தான் பால். நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் சிலிண்டர் வால்வை மூடவேண்டும். குழாயில் மிச்சமிருப்பதை எஞ்சின் குடித்துத் தீர்த்து, இரண்டு விக்கல் விக்கி, தானாக நிற்கும். பதினைந்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். அதற்கு முன் சாவியைத் திருகினாலோ, கைப்பிடியில் அழுத்திப் பிடித்திருக்கும் தகட்டை விட்டு எஞ்சினை அணைத்தாலோ, எரியாத வாயு சூடான சைலன்சருக்குள் போய்த் தீயாக வெளியே துப்பும்.

அன்றைக்கு ஒரு புதுக் கட்டடத்தின் கீழ்த்தளம். கூரையை ஒட்டி ஒரே ஒரு சின்ன ஜன்னல். எனக்கோ மூக்கு அடைத்துக்கொண்ட ஜலதோஷம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் வேலை முடிந்தது. வால்வை மூடினேன். எண்ண ஆரம்பித்தேன். பதினைந்து வந்தது. இருபது வந்தது. நாற்பதும் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, முன்னைவிட உற்சாகமாக.

வால்வை இன்னொரு தடவை இறுக்கினேன். அது இறுகித்தான் இருந்தது. அப்படியானால் எதைக் குடித்து ஓடுகிறது இது?

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டின் அடியில் மச்சினன் உருட்டிக்கொண்டு வந்து போட்ட உபரி சிலிண்டர். நிற்க வேண்டியது படுத்திருந்தது. அதன் கழுத்தெல்லாம் வெள்ளைவெளேரென்று பனி. புரொப்பேன் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டைத் திருடிக்கொண்டு போகும். பனி பிடித்த இடம்தான் கசியும் இடம். படுத்த சிலிண்டரிலிருந்து ஆவி வராது, திரவமே வரும். ஒரு லிட்டர் வந்தால் அது இருநூற்றைம்பது லிட்டருக்கு மேல் வாயுவாகும். காற்றைவிடக் கனம் என்பதால் வெள்ளம் மாதிரி தரையிலேயே தேங்கும். நான் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடைத்த மூக்குக்கு வாசனை எட்டவில்லை. எஞ்சின், காற்று இழுக்கும் வழியாக அந்த அறையையே குடித்துக்கொண்டிருந்தது.

தகட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தகட்டை விட்டால் தீ. கத்தினால் எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்காது. மெஷினை மேலே தூக்க இதோ மச்சினன் வந்துவிடுவான். படி இறங்கும் இடத்தில், அந்தச் சிலிண்டருக்கு நேர் மேலே, பளபளவென்று ஆறு சுவிட்ச் வைத்த புத்தம் புது போர்டு. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே கடுகளவு பொறி பறக்கும். அந்தக் கடுகு போதும், அவனையும் என்னையும் பொறுக்கி எடுக்க ஒரு முறமும் போதாது.

மெஷினோடு நடந்தேன். தகட்டை விடாமல், தரையை மெருகேற்றிக்கொண்டே, எட்டடி. பக்கத்தில் போனதும் செருப்பை உதறிவிட்டு, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வால்வைப் பிடித்துத் திருகினேன். விரல் பனியில் ஒட்டிக்கொண்டது. தோல் போனால் போகட்டும் என்று இழுத்தேன். தோல் போனது, கசிவும் நின்றது. இனி அறையில் இருப்பதை எஞ்சின் குடித்துத் தீர்க்க வேண்டும். குடி ராசா, குடி என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நான் அப்படி ஊட்டியதில்லை.

ஒரே இடத்தில் மெஷின் சுற்றியதில் தரை கண்ணாடியாகிவிட்டது. அந்தக் கண்ணாடியில்தான் முதலில் அவனைப் பார்த்தேன். படி இறங்கும் செருப்பின் அடிப்பாகம். அப்புறம் முழங்கால். அப்புறம் அந்தக் கை.

தலையை ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். ஒற்றைக் காலைத் தூக்கி, தோல் உரிந்த விரலால் போர்டைக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். அவன் நின்று பார்த்தான். பின்னால் வந்த அக்காவிடம் அவன் வாயசைத்தது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

“அக்கா, மாமாவைப் பாரு. இந்த வயசுல டான்ஸ் ஆடுறாரு.”

நான் தாலி கட்டியவள் எட்டிப் பார்த்து வாயசைத்தாள்.

“லைட்டப் போடுடா, நல்லாப் பாப்போம்.”

கை போர்டை நோக்கிப் போனது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கியது. விரல் சுவிட்சில் பட்டது. இரண்டாவது விக்கல். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். டக், டக், டக் என்று ஆறு சுவிட்சையும் அவன் வரிசையாகத் தட்டுவது கேட்டது. கேட்டது என்றால், எஞ்சின் நின்றுபோயிருந்தது என்று அர்த்தம்.

வெடிக்கவில்லை. அறையில் இருந்த கடைசி மடக்கையும் ஒரு நொடி முந்திக் குடித்துவிட்டு எஞ்சின் எங்களைக் காப்பாற்றியிருந்தது. நான் அப்படியே தரையில் சரிந்தேன். “செருப்பு எங்க?” என்றுதான் அவள் கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் மச்சினன் வெளிறிப்போனான். அன்றிலிருந்து அவன் எந்தச் சுவிட்சையும் தொட்டதில்லை. அக்காதான் வந்து போட வேண்டும். என் கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டுவேன்.

அந்தப் போர்டுக்கு ஒயர் இழுத்தது அடுத்த வருஷம்.